சொல் வைத்த ஜாடி

கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் கோயில் உபதேசியார் வியாகுலம் வீட்டு ஒயினை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "நெய்யில கறிவேப்பிலை பொரிஞ்ச மாதிரி இருக்கு" என்று ப்ளோரா சொல் வைத்தாள். மறுநாள் காலையிலிருந்து சம்மனசுபட்டிக்காரர்கள் யாருக்கும் கறிவேப்பிலை மணக்கவில்லை. செடி அப்படியே நின்றது, இலை பச்சையாகத்தான் இருந்தது, எண்ணெயில் போட்டால் படபடவென்று பொரியவும் செய்தது, ஆனால் மூக்கைக் கொண்டுபோய்ச் சட்டிக்குள் விட்டாலும் ஒன்றும் இல்லை. சிலர் தங்கள் மூக்கில்தான் கோளாறு என்று வேது பிடித்தார்கள். சிலர் பஸ் ஏறிக் கம்பத்துச் சந்தைக்குப் போய் அங்கே ஒரு கொத்து வாங்கிக் கசக்கிப் பார்த்தார்கள், அங்கேயும் மணக்கவில்லை, கடைக்காரர் அதே கொத்தை வாங்கி முகர்ந்துவிட்டு, "நல்லாத்தானய்யா இருக்கு, ஒங்க ஊருக்கே சளி பிடிச்சிருச்சா?" என்று கேட்டார். உபதேசியார் வீட்டு ஜாடியில் மிச்சமிருந்த ஒயினில் மட்டும் கறிவேப்பிலை அவ்வளவும் போய் உட்கார்ந்திருந்தது. மூடியைத் திறந்தால் தெருமுனை வரைக்கும் வந்தது.

சொல் வைப்பது அந்த ஊரில் மொய் வைப்பது மாதிரி. கம்பம் பள்ளத்தாக்கில், மேற்கு மலை வந்து ஊன்றி நிற்கிற இடத்தில், பார்த்த பக்கமெல்லாம் பன்னீர்த் திராட்சைப் பந்தலாகக் கிடக்கிற ஊர் அது; தேவதூதர் மிக்கேல் சம்மனசுக்குக் கோயில் கட்டிய நாளிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு ஊறுகாய் ஜாடியில் ஒயின் போடுகிறார்கள். முன்னெல்லாம் குடித்தவர்கள் "நல்லாருக்கு" என்பார்கள், "சுள்ளுனு இருக்கு" என்பார்கள், மிகவும் ரசித்தவன் "ஏறுதுப்பா" என்பான், அதோடு முடிந்தது. ஒரு வருடம் அடிவாரத்தில் ஒரு ஒயின் கம்பெனி வந்தது, அது கோவாவிலிருந்து டிமெல்லோ என்று ஒருவரைக் கூட்டி வந்தது, குடித்துப் பார்த்துச் சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம் என்று கேள்விப்பட்டதும் ஊரில் பாதி ஆண்கள் அந்த வேலைக்கு மனுப் போடலாமா என்று யோசித்தார்கள். டிமெல்லோ கோயில் திருவிழாவில் எல்லார் முன்னாலும் கிளாஸைச் சுழற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, ஒரு வாய் எடுத்துக் கன்னத்துக்குக் கன்னம் கொப்பளித்து, கடைசியில் சொன்னார்: செர்ரி, பிளாக்பெர்ரி, வெனிலா, ஓக் மரம், ஈரக்கல், பழைய தோல். "பழைய தோலா? செருப்பா தொரை?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்க, கோயில் திடலே சிரித்தது. சிரித்தவர்கள் அத்தனை பேரும் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தங்கள் ஒயினை ஒரு வாய் கொப்பளித்துப் பார்த்தார்கள்.

கம்பெனி இரண்டு அறுவடை தாங்காமல் மூடிக்கொண்டு போனது, டிமெல்லோ கோவாவுக்கே போனார், பழக்கம் மட்டும் ஊரில் தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து ஒயின் குடித்தவர், இன்னது மாதிரி இருக்கிறது என்று ஒரு சொல் வைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். வெறும் "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனால், பந்தியில் சாப்பிட்டுவிட்டு மொய் வைக்காமல் நழுவியவனைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார்கள். பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்குப் புதுப் புஸ்தகம் மாதிரி இருக்கு என்பார்கள். கோவித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன பொண்டாட்டி தானாகத் திரும்பி வந்த மாதிரி இருக்கு என்பார்கள். இதில் ப்ளோராவை அடிக்க ஆள் கிடையாது. அவள் வந்து ஒரு வாய் குடிக்கட்டும் என்று அடுத்தவர்களுக்கு ஜாடியைத் திறக்காமல் காத்திருந்த வீடுகளும் உண்டு.

ப்ளோராவின் அண்ணன் சூசையின் மனைவிதான் ஜெசிந்தா. கறிவேப்பிலை போன செய்தியை ஊர் ஒரு வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்தபோது, அடுப்படியில் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு பயத்தில் வியர்த்து நின்றவள் அவள் ஒருத்திதான். அதற்குக் காரணம் இருந்தது.

சூசை திராட்சை லாரி ஓட்டியவன். கொச்சிக்கும் கம்பத்துக்கும் இடையே உள்ள வளைவுகளையெல்லாம் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவான் என்று பெயர். ஒருநாள் குமுளி இறக்கத்தில் லாரியை ஓரங்கட்டி நிறுத்தி, இறங்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்க வீடு எந்தப் பக்கம்ங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். மதுரையில் பெரிய டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வருகிறது, மருந்தெல்லாம் ஆறுதலுக்குத்தான் என்றார். முதலில் ஊர்ப் பெயர்கள் போயின, பிறகு ஆட்கள், பிறகு செத்துப்போனவர்கள் செத்துப்போனார்கள் என்பதும் போனது. கடைசியில் ஒருநாள் காலையில் ஜெசிந்தா காப்பி கொண்டுபோய் நீட்டியபோது, "வாங்கம்மா, யாரைப் பாக்கணும்?" என்று மரியாதையாகக் கேட்டான்.

அன்று மத்தியானம் அழுது வீங்கிய முகத்தோடு அவள் மொச்சைக் குழம்பு வைத்துச் சோற்றில் பிசைந்து ஊட்டினாள். முதல் வாய் உள்ளே போனதுதான் தாமதம், சூசையின் முகத்தில் யாரோ விளக்கைப் போட்ட மாதிரி இருந்தது. "ஏய் ஜெசி, எதுக்கு மூஞ்சிய இப்பிடி வச்சிருக்க?" என்றான். வாயில் சோறு இருக்கிற வரைக்கும் அவன் பழைய சூசையாக இருந்தான், லாரியைப் பற்றிக் கேட்டான், ப்ளோராவின் புருஷனை நாலு வார்த்தை கேலி செய்தான், கை கழுவி ஈரம் காய்வதற்குள் மறுபடி அந்நிய ஆளாகிவிட்டான். அன்றிலிருந்து ஜெசிந்தாவின் வாழ்க்கை சாப்பாட்டு நேரம் என்ற ஒன்றைச் சுற்றியே நடந்தது. வேறு யார் சமைத்துக் கொடுத்தாலும் அவனுக்கு அது சாப்பாடு, அவள் வைத்தால் அது ஜெசி. வயசான காலத்தில் எத்தனையோ பேருக்குப் புருஷன் கூட இருந்தும் பேச்சு இருப்பதில்லை, தனக்கு வேளாவேளைக்குப் பேச்சு இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அதனால்தான் கறிவேப்பிலை போனதும் அவளுக்கு வியர்த்தது. பயந்து பயந்து தாளித்து, பயந்து பயந்து ஊட்டினாள். சூசை மென்றுகொண்டே, "ஏய் ஜெசி, கறிவேப்பிலை போட மறந்துட்டியா?" என்றான். அவள் அவன் தட்டிலேயே தலையை வைத்து அழுதாள்.

ஊருக்கு விஷயம் புரிவதற்கு ஜனவரியில் வருகிற மூன்று ராசாக்கள் திருநாள் வரைக்கும் ஆனது, அதற்குள் போகக்கூடாதது நிறையப் போய்விட்டது. ஒருவர் "கோடையில மொத மழை விழுந்த மண்ணு மாதிரி" என்றார், அது ஒரு ஜாடிக்குள் போனது. இன்னொருவர் "அப்பத்தான் நறுக்குன எலுமிச்சங்கா" என்றார். சுட்ட பூண்டு போனது, புதுத்துணி வாசம் போனது, மலர்க்கொடி என்ற பிள்ளைத்தாய்ச்சி ஆசை ஆசையாக "பச்சப்புள்ள உச்சந்தலை மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பெற்றுவந்த பிள்ளையை முகர்ந்து பார்த்தபோது அதன் தலையில் ஒன்றுமே இல்லை. மூளைக்காரர்களும் ஊரில் உண்டு. திராட்சைக்கு அடிக்கிற பூச்சிமருந்து நாற்றத்தை ஒழித்துக்கட்டலாம் என்று ஒருவர் ஒரு டம்ளர் ஒயினை வாங்கி, "பூச்சிமருந்து மாதிரி இருக்கு" என்று வேண்டுமென்றே சொன்னார். நாற்றம் போனது, மருந்தின் வேகம் போகவில்லை. எவ்வளவு உள்ளே இழுக்கிறோம் என்று தெரியாமல் பந்தலுக்குள்ளேயே மயங்கி விழுந்தவரை வெளியே தூக்கிப்போட்டு மோர் கொடுத்தார்கள், அந்த ஆள் அவரேதான்.

இது ஏன் வந்தது என்று அதிகம் பேர் மெனக்கெடவில்லை. ஒரு வருடம் பனி அதிகம், ஒரு வருடம் மழை குறைச்சல், இந்த வருடம் இப்படி என்று எடுத்துக்கொண்டார்கள். ஜாடிகளை என்ன செய்வது என்பதுதான் பேச்சாக இருந்தது. பங்குச் சாமியார் கஸ்பார் கோயிலில் பீடத்துக்குப் பின்னால் இருக்கிற அறையை ஒழித்துக் கொடுத்தார். சொல் வைத்த ஜாடிகளெல்லாம் அங்கே வந்து வரிசையாக உட்கார்ந்தன. கல்யாண வீட்டுக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்து ஒரு கரண்டி கறிவேப்பிலையும் அரைக் கரண்டி எலுமிச்சையும் வாங்கிப்போய்ச் சமையலில் ஊற்றினார்கள். மலர்க்கொடி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் வருவாள், உபதேசியார் வியாகுலம் ஒரு ஜாடியைத் திறந்து காட்டுவார், அவள் விரல் நுனியை நனைத்துப் பிள்ளையின் தலையில் தடவி, அங்கேயே நின்று கண்ணை மூடி முகர்ந்துவிட்டுப் போவாள். ஜாடி குறையக் குறைய உபதேசியார் அதைச் சாய்த்துச் சாய்த்துக் காட்ட வேண்டியிருந்தது, ஆனாலும் அவர் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை.

"சொல்லு வைக்கிறதையே விட்டுத் தொலைங்களேன்யா" என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னார். விட்டுப் பார்த்தார்கள். நிச்சயம் செய்யப் போன இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒயினைக் குடித்துவிட்டு வாயைத் திறக்காமல் இருக்க, பெண்ணைப் பெற்றவள் தன் வீட்டை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று அழுது, சம்பந்தமே முறிகிற நிலைக்குப் போய்விட்டது. கடைசியில் ப்ளோராதான் வழி கண்டுபிடித்தாள். "டிமெல்லோ சொன்னதச் சொல்லுவோம் சாமி. பிளாக்பெர்ரி, ஓக் மரம். இங்க எவன் அதத் தின்னான், எவன் மோந்தான்? போனாப் போவட்டும்" என்றாள். சாமியாருக்கு அது சரியென்று பட்டது. ஈரக்கல் எல்லாருக்கும் தெரிந்த வாசம் என்பதால் அதை மட்டும் விலக்கினார்கள், தோலையும் விலக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வியில் பிள்ளைகள் பத்துக் கட்டளையோடு சேர்த்து, செர்ரி, பிளாக்பெர்ரி, வெனிலா, ஓக் என்று ராகம்போட்டுப் படித்தார்கள். வாயில் நுழையாத சொற்களைக் கொண்டு ஒரு ஊர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் என்று யார் நினைத்தார்கள்.

அந்த வருடம் முழுக்க ஜெசிந்தா போனவை இல்லாமலேயே சமைத்தாள். பூண்டு மணக்காத ரசம் வைத்தாள், எலுமிச்சை புளிக்காத சாதம் கிளறினாள், முதல் வாயை ஊட்டுகிறபோதெல்லாம் மாதாவைக் கூப்பிட்டாள். சூசை ஒவ்வொரு தடவையும் "என்னடி ஜெசி, இன்னிக்கு என்னமோ ஒண்ணு கொறையுது" என்றான், ஒரு தடவைகூட "யாரும்மா" என்று கேட்கவில்லை. அவள் மெல்ல மெல்லத் தெரிந்துகொண்டாள். அவன் நாக்குக்குத் தெரிந்தது புளியும் இல்லை, பூண்டும் இல்லை. அவள் கைதான். அது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, இத்தனை வருடம் எதைப் போட்டாலும் வாயைத் திறந்து பாராட்டாத மனுஷன் என்று.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் வந்தது. அந்த ஊரில் ஒரு வீட்டில் ஜாடி போடவில்லையென்றால் அந்த வருடம் அங்கே ஒரு சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். "போடாதீங்க மதினி, சும்மா எதுக்கு" என்று ப்ளோரா சொன்னாள். ஜெசிந்தாவுக்குக் கோபம் வந்தது. "ஒங்கண்ணன் குத்துக்கல்லாட்டம் உக்காந்துருக்காரு. ஜாடி போடலைன்னா வாசல்ல நின்னு துக்கம் விசாரிக்கிறாளுக. நான் போடத்தான் போறேன்" என்றாள். கொடியிலிருந்து பன்னீர்த் திராட்சையை அவளே கிள்ளினாள், அவளே கழுவி, வேறு கை படாமல் அவளே பிசைந்தாள், சர்க்கரையும் கோதுமையும் பட்டையும் கிராம்பும் போட்டு வேட்டித்துணியால் வாய் கட்டி, தினமும் மரக்கரண்டியால் கிண்டினாள். பொங்கி அடங்குகிற சத்தத்தைச் சூசை நாற்காலியில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து வந்தவர்களெல்லாம் சட்டமாக உட்கார்ந்து குடித்தார்கள், ஒழுங்காகச் சொல் வைத்தார்கள். உபதேசியார் ஓக் மரம் என்றார். அடுத்த வீட்டு அம்மாள் செர்ரி என்று சொல்வதற்குள் நாக்குப் புரண்டு சிரித்துவிட்டாள். எல்லாரும் போன பிறகு ப்ளோரா வந்தாள், ஒரு வாய் குடித்தாள், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "பிளாக்பெர்ரி மதினி. வெனிலாகூட லேசா வருது" என்று டிமெல்லோ மாதிரியே மூக்கை ஆட்டினாள். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஊருக்கு வந்த கேட்டைப் பற்றி அவர்கள் அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தார்கள். சூசை புதுச்சட்டை போட்டு, கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பக்கத்தில், நட்சத்திர விளக்கு அணைந்து அணைந்து எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கேதான் ஜெசிந்தாவுக்கு ஆசை வந்தது. இதுவும் என் கை பிசைந்ததுதானே என்று தோன்றியது. சாப்பாட்டு நேரம் இன்னும் தள்ளி இருக்கிறது, ஒரு வாய் கொடுத்தால் இப்போதே, கிறிஸ்துமஸும் அதுவுமாக, ப்ளோரா இருக்கும்போதே, மனுஷன் ஒரு தடவை திரும்பி வருவாரே. அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி அவளே கொண்டுபோய் அவன் வாயில் வைத்தாள்.

சூசை குடித்தான், சப்புக்கொட்டினான், நிமிர்ந்தான். "ஏய் ஜெசி! பட்டை கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்ட" என்றான். தங்கச்சியைப் பார்த்தான். "ப்ளோரா, நீ எப்ப வந்த? ஒம் மாப்பிள்ளை இன்னும் அந்த ஓட்டை டிவிஎஸ்ஸத்தான் ஓட்டுறாரா?" என்றான். சாப்பாட்டு வேளையை அவர்கள் இருவருக்கும் விட்டுவிட்டு விலகியே இருந்த ப்ளோராவுக்கு, அண்ணன் தன் பெயரைச் சொல்லிக் கேட்டு வருடக்கணக்கு ஆகியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள், அந்தச் சந்தோஷத்தில் அவள் நாக்கு இத்தனை வருடப் பழக்கத்தில் தானாகவே போன வழியில் போனது. "எப்பிடிண்ணே இருக்கு? ஒரு சொல்லு வையி" என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் அவளே தன் வாயில் அடித்துக்கொண்டாள். சூசை டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எப்போதோ கோயில் திடலில் பார்த்ததை நினைத்துக்கொண்டவன் போல ஒரு சுழற்றுச் சுழற்றி, கண்ணை மூடிக்கொண்டான்.

"பிளாக்பெர்ரின்னு சொல்லுங்க" என்றாள் ஜெசிந்தா. "ஏங்க, பிளாக்பெர்ரின்னு சொல்லுங்க, ஒங்களக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன்."

"அது என்னா கழுதையோ, நான் தின்னதே இல்லியே" என்று சூசை சிரித்தான். அவள் அவன் வாயைப் பொத்தக் கையைக் கொண்டுபோனாள். அந்தக் கையை அவன் பிடித்துக்கொண்டான், கன்னத்தில் வைத்துக்கொண்டான், "ஜெசி மாதிரி இருக்கு" என்றான்.

பிறகு கண்ணைத் திறந்து, தன் கன்னத்தில் இருக்கிற கையைப் பார்த்து, கூச்சப்பட்டு, மெதுவாக விலக்கிவிட்டான். "மன்னிச்சுக்கங்கம்மா" என்றான். "நீங்க யாரு?"

மத்தியானம் அவள் மொச்சைக் குழம்பு வைத்துப் பிசைந்து ஊட்டினாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சூசை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான், கும்பிடாத குறையாக அவளைப் பார்த்து, "நல்லாருக்கும்மா" என்றான். வெறும் நல்லாருக்கு.

ஊரில் மற்றவர்களுக்கு அவள் கைமணம் ஜாடிக்குள் போனது பெரிய நஷ்டம் இல்லை. அவள் கொடுத்தனுப்புகிற பணியாரத்தில் இனிப்பு இருந்தது, பதம் இருந்தது, ஆனால் யார் சுட்டது என்று கேட்டால் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். சூசைக்கு அவளிடம் இருந்ததே அது ஒன்றுதான். சாமியார் வீட்டுக்கே வந்தார், ஜாடியைக் கோயில் அறைக்குக் கொண்டுபோக வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்றார், ஒரு செபமாலை சொல்லிவிட்டுப் போனார். ப்ளோரா மூன்று நாள் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தாள். பிறகு வந்து அடுப்படியில் ஜெசிந்தாவின் காலைக் கட்டிக்கொண்டு, "என்னைய வெட்டிப் போடு மதினி, இந்த நாக்க இழுத்து வச்சு அறு" என்று அலறினாள்.

"நாந்தான ஊத்திக் குடுத்தேன்" என்றாள் ஜெசிந்தா. "ஒரு நேரம் பொறுத்திருந்தா சோத்துலயே வந்துருப்பாரு. எனக்குப் பொறுக்கலை. எந்திரி."

ஜாடியில் முக்காலுக்கு மேல் இருந்தது. ஒரு வாய் கொடுத்தால் அது தொண்டையில் இறங்கி, இனிப்பு நாக்கில் நிற்கிற வரைக்கும் சூசைக்கு அவளைத் தெரிந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன பேசலாம் என்று காலையிலிருந்து யோசித்து வைத்திருப்பாள். அவர்கள் முதன்முதலில் வேளாங்கண்ணிக்குப் போனதைப் பேச வேண்டும், தங்காமல் போன பிள்ளைக்கு அவர் மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாரா என்று கேட்க வேண்டும், கொச்சியில் யாரையோ வைத்திருந்ததாகச் சொன்னார்களே அது நிஜமா என்று சிரித்துக்கொண்டே கேட்க வேண்டும். அவன் "ஏய் ஜெசி" என்றதும் எல்லாம் மறந்துபோய், "சாப்ட்டீங்களா? கால் வலி தேவலையா?" என்று கேட்பாள். அவன் பதில் சொல்லி முடிப்பதற்குள் வாய் உலர்ந்துவிடும். அடுத்த நாளைக்காவது கேட்டுவிட வேண்டும் என்று மூடியை இறுக்கிக் கட்டுவாள்.

நீட்டிப் பார்த்தாள். வேறு ஒயினை ஊற்றிக் கலந்து ஒரு டம்ளர் கொடுத்ததில் அவன் புருவத்தை நெரித்து, "ஒங்கள எங்கயோ பாத்துருக்கேம்மா, பஸ்ஸுலயா?" என்று வெகுநேரம் தன்னைத் தானே வருத்திக்கொண்டான். அதைப் பார்க்கச் சகிக்காமல் விட்டுவிட்டாள். புதிதாகத் திராட்சை பிசைந்து இன்னொரு ஜாடி போட்டாள், அதில் அவள் வரவில்லை. இந்த ஜாடியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அவளும் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தாள்; அவளுக்கு அது திராட்சை, பட்டை, கிராம்பு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவள் ப்ளோராவைக் கூப்பிட்டு ஒரு சொட்டு கொடுத்தாள். ப்ளோரா நாக்கில் வைத்தவுடன் அவள் கண் நிரம்பிவிட்டது.

"சொல்லுடி" என்றாள் ஜெசிந்தா. "நான் எப்பிடித்தான் இருக்கேன்? நீ எல்லாத்துக்கும் சொல்லுவியே. தெரிஞ்சா அதப் போட்டுச் சமைச்சுப் பாப்பேனே."

ப்ளோரா இன்னொரு தடவை சப்புக்கொட்டிப் பார்த்தாள். கறிவேப்பிலைக்கும் புதுப் புஸ்தகத்துக்கும் கோவித்துப்போன பொண்டாட்டிக்கும் சொல் வைத்த வாய் அது. "வரமாட்டேங்குது மதினி" என்றாள். "சத்தியமா வரமாட்டேங்குது. அது நீங்கதான், அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலை."

தவக்காலம் போனது, ஈஸ்டர் என்கிற உயிர்ப்பு ஞாயிறும் போனது. கோயில் அறையில் மண்வாசனை ஜாடி முதலில் காலியானது, மலர்க்கொடியின் ஜாடி அதற்குப் பிறகு. அவள் காலி ஜாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பிள்ளையின் தொட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டாள். ஊர் பழகிக்கொண்டுவிட்டது. எலுமிச்சைக்குப் பதில் புளி ஊற்றினார்கள், கறிவேப்பிலையைப் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று தாளித்தார்கள். ஜெசிந்தா ஜாடியைச் சாய்த்து, துணியில் வடிகட்டி, வண்டலையும் பிழிந்து எடுத்தாள். ஒரே ஒரு டம்ளர் வந்தது.

அன்று பிற்பகல் கோடை மழை பிடித்தது. ஓட்டில் சடசடவென்று விழுந்தது, வாசலில் புழுதி கிளம்பி அடங்கியது, ஒரு வாசமும் வரவில்லை. ஜெசிந்தா சூசைக்குத் தலை சீவிவிட்டாள், அவளும் ஒரு நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். இன்றைக்கு எதுவும் கேட்கப் போவதில்லை, கால் வலியைக்கூட விசாரிக்கப் போவதில்லை, அவர் பேசட்டும், நான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன் என்று முடிவு செய்திருந்தாள். டம்ளரை அவன் கையில் கொடுத்தாள்.

சூசை அதை வாய்க்குக் கொண்டுபோனான். கொண்டுபோன கை பாதியில் நின்றது. மூக்குக்குப் பக்கத்தில் வைத்து ஒரு மூச்சு இழுத்தான், அவன் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. டம்ளருக்குள் எட்டிப் பார்த்தான், பிறகு குடிக்காமல், ஒரு சொட்டும் சிந்தாமல், பக்கத்து ஸ்டூலில் பத்திரமாக வைத்தான்.

"குடிங்க" என்றாள் அவள்.

"இல்லம்மா" என்றான். "இது எங்க வீட்டுக்காரிக்குப் பிடிக்கும். ஜெசின்னு பேரு. இந்த ஒரு டம்ளர்தான் இருக்கு போல. அவளுக்கு வைக்காம நான் குடிச்சதில்ல."

"அவங்க... அவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்க. நீங்க ஒரு வாயாவது குடிங்க. ஒரே ஒரு வாய்."

"அவளப் பத்தி ஒங்களுக்குத் தெரியாது" என்று சூசை சிரித்தான். "வாயில சொல்லமாட்டா. மனசுல வச்சுக்குவா. மழைக்கு எங்கயாச்சும் ஒதுங்கி நிப்பா, இப்ப வந்துருவா. நீங்களும் உக்காருங்கம்மா, எதுக்கு நின்னுக்கிட்டே இருக்கீங்க?"

ஜெசிந்தா டம்ளரை ஒரு சின்னத் தட்டால் மூடி வைத்தாள். பிறகு அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மழை விட்டு அவள் வருவாள் என்று அவனோடு சேர்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.